உனக்கு மட்டும்தான்

திருக்காட்டுப்பள்ளி அரிசி மில்லில் சூப்பர்வைசர் நெடுஞ்செழியனுக்குச் சம்பளப் பேச்சு என்றாலே அருவருப்பு.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், புதிதாகச் சேர்ந்த கனிமொழி ஆரம்பித்தாள்.

"ஆளாளுக்குச் சம்பளத்தைச் சொல்லுவோம் சார். யாருக்குக் குறைச்சல்னு தெரிஞ்சா, சேர்ந்து போய்க் கேக்கலாம்."

"சோத்துல கைய வெச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது? என் சம்பளம் என் பொண்டாட்டிக்கே தெரியாது!" என்று சீறினான் நெடுஞ்செழியன்.

"நமக்கு எதுக்கும்மா அந்த வம்பு?" என்று தலையைக் குனிந்துகொண்டாள் பில் போடும் மலர்க்கொடி. அவளாவது நாகரிகம் தெரிந்தவள் என்று அவனுக்குத் திருப்தி.

சாப்பிட்ட கை காய்வதற்குள் முதலாளியிடம் போய்ப் போட்டுக்கொடுத்தான். மறுநாள் கனிமொழிக்கு வேலை இல்லை. அவள் பையை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது, "காசுக்கு அலையுறதுக்கும் ஒரு அளவு வேணாம்?" என்று எல்லார் காதிலும் விழும்படி சிரித்தான்.

முதலாளி அவன் தோளைத் தட்டினார். "இங்க உனக்கு மட்டும்தான்ப்பா ஒசந்த சம்பளம். மூச்சு விடாதே."

சாயங்காலம் வீட்டில் மகளின் காலேஜ் பீஸ் பேச்சு வந்தது.

"என் சம்பளத்துல தாங்காது. படிப்பு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று கையை விரித்தான்.

"நான் கட்டிடறேங்க" என்றாள் மனைவி.

"உனக்கு ஏதுடி அவ்வளவு?"

மலர்க்கொடி தயங்கினாள்.

"எனக்கு உங்களைவிடச் சம்பளம் கூடங்க. சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுபோயிடுவாரு, வீட்டுல சொல்லிடாதேன்னு முதலாளிதான் சத்தியம் வாங்கியிருந்தாரு."