முக்கால் அங்குலம்

ரப்பரை வைத்துவிட்டு ஊதினார். துகள் பறந்தது. தாளில் 4 மட்டும் நின்றது.

பக்கத்திலிருந்த ¾ போய்விட்டது.

மேசை முழுவதும் கப்பல். நாசகாரி. வேகமாகப் பாய்ந்து அடிக்கிற போர்க்கப்பல். இந்தக் குட்டித் துறைமுக நாடு கட்டப்போகும் முதல் நாசகாரி. போன பெரிய போர் முடிந்து வருஷங்கள் ஓடிவிட்டன. அடுத்தது வாசலில் நிற்கிறது என்று மீன் விற்கிறவள்கூடச் சொல்கிறாள்.

வரைந்தது அவர்தான். நாலே முக்கால் அங்குலப் பீரங்கியைச் சுற்றித்தான் கப்பலே வளர்ந்தது. பத்து மைல் சுடும் பீரங்கி. எதிரியுடையது ஒன்பது.

நாலு அங்குலம் ஏழு மைல்தான் போகும்.

இது அவருக்குத் தெரியாதா? அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்.

படை முழுவதற்கும் ஒரே அளவு வேண்டும் என்று கத்தியவரும் அவரே. கப்பலுக்கு ஒரு விதப் பீரங்கி, பீரங்கிக்கு ஒரு விதக் குண்டு. என்ன கூத்து இது! போன போரில் ஒரு கப்பல் வயிறு நிறையக் குண்டோடு மூழ்கியது. ஒன்றுகூட அதன் பீரங்கிக்குள் நுழையவில்லை. கரையில் அளவு மாற்றி ஏற்றிவிட்டார்கள். ஒதுங்கிய பிணங்களைப் பார்த்த நாளிலிருந்து அவர் ஏறாத படியில்லை, வாங்காத ஏச்சில்லை. பைத்தியம் என்று பெயர் வைத்தார்கள்.

போன வாரம் திடீரென்று ஒத்துக்கொண்டார்கள். எந்த அளவு என்பதை அவரே எழுதிக் கொடுக்கட்டும் என்று படைத்தலைவர் சொல்லிவிட்டார். இன்று மதியத்துக்குள்.

முடிவான அன்றே மற்ற அளவுக் குண்டுகளின் அச்சுகளை உடைத்துவிட வேண்டும். அது விதி. எழுதியவர் இவர். அச்சு மிஞ்சினால் நாளைக்கு எவனாவது ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு பழையபடி ஆரம்பிப்பான் என்ற பயம்.

நல்ல விதி. ஊரான் பிள்ளை என்றால் நல்ல விதி.

இன்னாசி இருப்பது ஆலாவில்.

அவருடைய ஒரே மகன். பீரங்கியைக் குறிபார்க்கிறவன். ஆலா பழைய ரோந்துக் கப்பல். அதில் நாலு அங்குலப் பீரங்கி. பெரியதை ஏற்றினால் தளம் பிளந்துவிடும். நாலு அங்குல அச்சு உடைந்தால் ஆலாவுக்கு இனிக் குண்டு கிடையாது. இருப்பதைச் சுட்டு முடித்துவிட்டு நடுக்கடலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஒரு வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தார். மாதா கோயிலில் முட்டி போட்டுப் பார்த்தார். வழி எங்கேயும் தெரியவில்லை.

புதுக் கப்பல் வெறும் தாள். தாளில் யாரும் இல்லை.

அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்.

கையெழுத்துப் போட்டார். ஆளைக் கூப்பிட்டுக் கொடுத்தனுப்பினார்.

சாயங்காலம் வீட்டுக்கு நடந்தார். வழியில்தான் குண்டு வார்க்கும் பட்டறை. உள்ளே சம்மட்டி விழுந்துகொண்டிருந்தது. நாசகாரிக்கென்று செய்த பெரிய அச்சை உடைக்கிறார்கள். இன்னும் ஒரு குண்டுகூட வார்க்கவில்லை அதில். வாசலில் நின்ற மேஸ்திரி கும்பிட்டான். கடைசியில் ஐயா சொன்னதுதானே நடந்தது என்றான். அவருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

பிள்ளை பிழைத்தான். அது போதும் என்று நடந்தார்.

வீட்டில் மனைவி சிரித்த முகமாகத் தட்டு வைத்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. மத்தியானம் இன்னாசி வந்து போனானாம். ஆலாவிலிருந்து அவனை மாற்றிவிட்டார்களாம்.

அவருக்கு உயிர் வந்தது. கரை வேலைக்கா என்று கேட்டார்.

இல்லை. புதுக் கப்பலுக்கு. கட்டத் தொடங்கும்போதே ஆள் எடுத்துவிடுவார்களாம். முன்பீரங்கி அவனுக்குத்தானாம்.

எல்லாம் இவள் செய்த வேலை. பங்குச் சாமியாரைப் பிடித்திருக்கிறாள். அவர் படைத்தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். சிபாரிசு என்றாலே வீட்டுக்காரருக்கு ஆகாது என்று மூச்சு விடாமல் முடித்திருக்கிறாள்.

"அந்த ஓட்டக் கப்பல்ல பிள்ள போனா எனக்கு உசிரு உசிரா இல்லங்க," என்றாள். "இனிப் பயமில்ல. நீங்க வரஞ்ச கப்பலாச்சே."

பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

சம்மட்டிச் சத்தம் இங்கேயும் கேட்டது. இந்தத் தெரு வரைக்கும் கேட்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

திரும்பப் போய்ச் சொல்லலாம். எதைச் சொல்ல? அச்சு சுக்குநூறாகிக்கொண்டிருந்தது.

குழம்பை ஊற்றிக்கொண்டே அவள் ஒன்று கேட்டாள். பிள்ளையிடம் கேட்டதற்கு, அப்பாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டானாம். அந்தப் பீரங்கி எவ்வளவு தூரம் சுடும்?

அவள் முகத்தைப் பார்த்தார்.

"பத்து மைல்," என்றார்.

நிம்மதியாக இன்னொரு துண்டு மீனை எடுத்து வைத்தாள்.