ஆட்டிப் பார்த்த கிளை

மழைக்கு முன்னால் ஒரு நாரையும் ஒரு கொக்கும் கூடு கட்ட இடம் தேடின. இரண்டுக்கும் பெரிய ஏரி மேல்தான் ஆசை; ஆனால் அங்கே கிளைக்குப் பறவைகளிடையே அடிதடி.

"அங்கே இடம் கிடைக்கலேன்னா?" என்றது கொக்கு.

"இன்னும் ரெண்டு பெரிய ஏரி இருக்கேடி," என்றது நாரை. அங்கேயும் அதே அடிதடிதான்.

கொக்கு ஊர்க்கோடிக் குட்டைக்குப் போய் மீனைத் தின்று பார்த்தது. அதன் கரையில் நின்ற கருவேலமரத்தின் கிளைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தது.

"தோற்கிறதுக்கு ஒத்திகையா?" நாரை சிரித்தது.

"இங்கே குடியிருக்க மனசு ஒப்பினாத்தான் அங்கே பயமில்லாம மோதுவேன்."

மோதவும் செய்தது. ஆனாலும் பெரிய ஏரியில் இரண்டுக்கும் கிளை கிடைக்கவில்லை. கொக்கு குட்டையில் கூடு கட்டி முடித்தபோது, மூன்று ஏரியிலும் விரட்டப்பட்ட நாரை வயிற்றில் முட்டையோடு வந்து நின்றது.

கொக்கு பக்கத்துக் கிளையைக் காட்டியது.

"இதையும் அன்னிக்கே ஆட்டிப் பார்த்துட்டேன். தாங்கும், உட்காருடி."