சத்தமில்லாத ஜெனரேட்டர்

பழைய வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் போட்டு அதையே ஒரு வீடாக்கியிருந்தார் முத்துவீரன். கரண்ட் இல்லாத கடற்கரையில் அதில் தங்குவதற்காக, ஜெனரேட்டர் வாங்க மனைவி ராஜகுமாரியோடு அந்தமானின் ஹட் பே கடைவீதிக்கு வந்தார்.

“பெருசா எடுங்க சார். ரைஸ் குக்கர்கூட ஓடும்,” என்றார் கடைக்காரர் குணா.

“சத்தம் போடுமா?”

“கொஞ்சம் ஜாஸ்தி போடும்.”

“வேணாம். என் காதுக்கு நிம்மதி வேணும். அந்தச் சின்னதைக் குடுங்க.”

“அரே சார், அது சத்தமே போடாது, ஆனா லைட், ஃபேனுக்குத்தான். லோடு ஏத்தினா பந்த் ஆகி நின்னுரும்.”

“பெருசையே வாங்குங்களேன்,” என்றாள் ராஜகுமாரி.

“கரண்ட் விஷயத்துல எனக்கே பாடமா?” என்று சிரித்துவிட்டு, அவர் சின்னதையே வாங்கினார்.

மறுநாள் சாயங்காலம் வேனுக்கு வெளியே மணலில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அலைச்சத்தம் மட்டும் கேட்டது. இப்படி ஒரு அமைதி வாய்த்து எத்தனையோ வருஷங்கள் ஆகியிருந்தன. உள்ளே ராஜகுமாரி ரைஸ் குக்கரைப் போட்டதும், ஜெனரேட்டர் நின்று விளக்குகள் அணைந்ததும் அவருக்குத் தெரியவே இல்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. கண்ணைத் திறக்காமலே எடுத்தார்.

“ஹலோ, கரண்ட் எப்ப சார் வரும்?” என்று ஒரு பெண் குரல் கேட்டது.

“லைன்மேன் கிளம்பிட்டாரு மேடம். இப்ப வந்துரும்.”

வேனுக்குள்ளிருந்து ராஜகுமாரியின் சிரிப்பு கேட்ட பிறகுதான், மின்சார ஆபீஸில் புகார் போன் எடுக்கும் வேலையிலிருந்து போன மாசமே தான் ரிட்டயர் ஆகிவிட்டது முத்துவீரனுக்கு ஞாபகம் வந்தது.