பங்களாவின் தமிழ் வாத்தியார்

“என்னது! ‘அரோகரா’ன்னா ‘காலை வணக்கம்’னு சொல்லிக் கொடுத்திருக்கியா? அடப்பாவி, தலை போயிடும்லா உனக்கு!”

தையல்காரர் நல்லையா கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். எதிரே தம்பிராஜா வியர்த்து வழிந்தபடி நின்றான்.

“வேற என்ன செய்யச் சொல்றீங்க, அண்ணே? கோயில்ல கேட்டது, சமையல்கட்டுல கேட்டது... இதுதானே எனக்குத் தெரிஞ்ச தமிழு!”

இதைக்கூட அவன் மலாயில்தான் சொன்னான். காஜா பெராங் தெருச் செட்டிக் குடும்பங்களில் பேர் தமிழ், சாமி தமிழ், பலகாரம் தமிழ். பேச்சு மட்டும் தலைமுறை தலைமுறையாக மலாய். தம்பிராஜா என்ற பெயரைக் கேட்டால் ஏதோ புலவர் என்று தோன்றும். வாயைத் திறந்தால் தெரிந்துவிடும் சங்கதி.

எல்லாம் அந்தப் பங்களாவால் வந்த வினை. வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ ஒரு நாட்டுத் தூதர் குடியிருந்த பழைய பங்களா அது. ஜப்பான்காரர்கள் வந்ததும் ‘பண்பாட்டுப் பரிமாற்ற இல்லம்’ என்று வாசலில் பலகை மாட்டினார்கள். பரிமாற்றம் பலமாகத்தான் நடந்தது. சீனர் ஒருவர் தூரிகை எழுத்து சொல்லிக் கொடுத்தார். மலாய்க்காரர் ஒருவர் பந்துன் என்ற மலாய்ப் பாட்டைப் பாடிக் காட்டினார். பதிலுக்கு ஜப்பான்காரர்கள் இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கக் கற்றுக் கொடுத்தார்கள். சரியாகக் குனியாதவனுக்குக் கன்னத்தில் ஓர் அறை இலவசம்.

பங்களாவின் பொறுப்பாளர் கேப்டன் மொரிதா தமிழ் படிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மனிதர் மலாய் நன்றாகவே பேசுவார். தமிழுக்குத்தான் வாத்தியார் தேவைப்பட்டது. வாத்தியாராக வருகிறவனைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடிக்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். சயாமுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் வராத காலம் அது. தம்பிராஜா வீட்டு வாசலுக்கும் ஆள்பிடிக்கிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். விடுவானா? விழுந்தடித்துக்கொண்டு பங்களாவுக்கு ஓடினான்.

நல்லையாவும்தான் போனார். முறையாகத் தமிழ் படித்தவர். வாத்தியார் வேலைக்கு அரிசி கிடைக்கும் என்ற ஆசை. கேப்டன் அவரைத் துருவித் துருவிக் கேள்வி கேட்டு, வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். தம்பிராஜாவிடம் ரெண்டே வார்த்தை பேசிவிட்டு, “நீதான் வாத்தியார்” என்றார். அன்று அவன் மனைவி சீதா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

பாடம் ஆரம்பமானது. ‘சாப்பிட்டீர்களா’ என்பதற்குப் ‘புட்டு’. ‘நன்றி’ சொல்ல ‘இடியாப்பம்’. ‘என் பெயர்’ என்பதற்கு ‘வேல் வேல்’. கேப்டனும் ஒன்றுவிடாமல் உருப்போட்டார்.

இப்போது சிங்கப்பூரிலிருந்து ஒரு கர்னல் வருகிறாராம். கூடவே நடராஜன் என்ற தமிழ்ப் பண்டிதராம். நாளைக் காலை கேப்டனுக்குத் தமிழ்ப் பரீட்சை.

“பேசாம எங்கேயாவது ஓடிடுலா!” என்றார் நல்லையா.

“ஓடினா சீதாவைப் பிடிச்சிட்டுப் போயிடுவானுங்க, அண்ணே.” தம்பிராஜா அழுதேவிட்டான்.

மறுநாள் பங்களாக் கூடத்தில் கர்னல் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பண்டிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “வணக்கம். தங்கள் பெயர் என்ன?” என்று கேட்டார்.

கேப்டன் விறைப்பாக எழுந்து நின்றார். “அரோகரா! வேல் வேல் மொரிதா!”

பண்டிதர் விழித்தார். “தமிழ் படிப்பது... பிடித்திருக்கிறதா?”

“புட்டு! இடியாப்பம்!”

பண்டிதர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கர்னல் உறுமவும், பயந்துபோய், தேறாது என்று கையை விரித்தார்.

கர்னல் எழுந்து வந்து கேப்டன் கன்னத்தில் பளாரென்று அறைந்தார். கேப்டன், மண்டையில் ஏறவில்லை என்பதுபோல் தன் தலையைத் தட்டிக் காட்டி ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். அதற்கும் ஓர் அறை விழுந்தது. திட்டிக்கொண்டே போய்க் காரில் ஏறினார் கர்னல்.

தூணோரம் நின்ற தம்பிராஜா மனசுக்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டான். போச்சு, எல்லாம் போச்சு.

“வாத்தியார், உள்ளே வா” என்ற கேப்டன், அவன் நுழைந்ததும் அறைக் கதவைச் சாத்தினார்.

தம்பிராஜா தடாலென்று காலில் விழுந்தான். “துவான், ஐயா, எனக்குத் தமிழே தெரியாது! சயாமுக்குப் பயந்து பொய் சொல்லிட்டேன். என்னை என்ன வேணாலும் பண்ணுங்க, என் பொண்டாட்டியை மட்டும் விட்டுடுங்க!”

கேப்டன் சன்னல் வழியே பார்த்தார். கார் கண்ணுக்கு மறைந்ததும் திரும்பி, வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே, தம்பிராஜாவுக்கு இடுப்பு ஒடியக் குனிந்து ஒரு வணக்கம் போட்டார்.

“தமிழ்ல பாஸானவங்களை எல்லாம் மொழிபெயர்க்கன்னு பர்மா சண்டைக்கு அனுப்புறாங்க வாத்தியார், அதான் தமிழ்ப் பேர் இருந்தும் தமிழ் தெரியாத ஆளா பார்த்து உன்னை எடுத்தேன்” என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “என் கூட்டாளிங்க சில பேருக்கும் இப்போ தமிழ் படிக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கு... உங்க தெருவுல இன்னும் எத்தனை வாத்தியார் கிடைப்பாங்க?”