ஒன்றும் தெரியாத ஆள்

"மூஞ்சியில இருக்கிறது கண்ணா, புண்ணா? நாப்பது தொட்டிக்கும் எட்டு, ஒன்பதுன்னு போட்டு வெச்சிருக்கீங்களே!"

இதே கேள்வியை விஞ்ஞானி மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டார். எதிரே நின்ற உதவியாளரும் மூன்றாவது முறையாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

டிபன் பாக்ஸோடு வந்த விஞ்ஞானியின் மனைவி, பசுமைக்குடில் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே நாற்பது தொட்டி நெல். இருபதில், வறட்சி தாங்க வேண்டும் என்று மரபணுவில் ஓர் இடத்தைக் கத்தரித்துத் திருத்திய நெல். மீதி இருபதில் திருத்தாத நெல். இரண்டு வாரமாக எதற்கும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இலை விரிந்திருந்தால் மார்க் ஒன்று, பென்சில் மாதிரி சுருண்டிருந்தால் ஒன்பது. எது எந்தத் தொட்டி என்று மார்க் போடுகிறவருக்குத் தெரியவே கூடாது. இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும். உதவியாளரோடு மார்க் போட வேண்டிய இன்னொருவர் லீவு. அதனால்தான் நேற்று மனைவியைப் பிடித்து இழுத்து வந்தார்.

"நான் பாத்ததைத்தான் போட்டேன் சார். எல்லாமே சுருண்டுதான் கிடக்கு."

"அப்ப இது என்ன? நேத்து இவ போட்டது. திருத்தினதுக்கெல்லாம் ரெண்டு, மூணு. திருத்தாததுக்கு எட்டு, ஒன்பது. பிசகே இல்லை! நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவ இவ. இவளுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையா?"

மனைவிக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் தாவரவியலுக்குப் பரிசு வாங்கியவளுக்கு இந்தப் பட்டம்!

"எது எதுன்னு நான் இவகிட்ட சொன்னேனா? கூட நடந்தேன், அவ்வளவுதான். கேளுங்க!"

"அவர் ஒரு வார்த்தை சொல்லலை" என்றாள். அது உண்மைதான்.

உதவியாளர் பதினேழாம் தொட்டிமேல் குனிந்தார்.

"அம்மா, இதுக்கு ரெண்டு போட்டிருக்கீங்க. எனக்குப் பென்சில் மாதிரி தெரியுது. உங்களுக்கு விரிஞ்சா தெரியுது?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் கணவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

"அப்படித்தான்... தோணுது."

"பதினெட்டு வருஷமா இலை பாக்கறேன். எனக்கே குழப்பமா இருக்கு சார். ஒருவேளை என் கண்ணுதான்..."

"திங்கட்கிழமையிலேர்ந்து கிடங்குக்குப் போயிடுங்க. சாக்கு அடுக்க இந்தக் கண்ணு போதும்."

அவர் தலையாட்டினார். கதவுவரை போய்த் திரும்பி, பதினேழாம் தொட்டியை இன்னொருமுறை பார்த்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே வெளியே போனார்.

"மூணு வருஷ உழைப்பு! ஜெயிச்சாச்சு. டிபனை எடு."

அவள் எடுக்கவில்லை.

"என்னங்க, அந்த இலை சுருண்டுதான் இருந்துது."

"எந்த இலை?"

"எல்லா இலையும்."

"பின்ன எப்படி ரெண்டு போட்டே?"

"சாப்பாட்டுல உப்பு சரியான்னு இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாளாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கீங்களா? உங்க மூஞ்சியைப் பாத்துத்தானே தெரிஞ்சுக்கறேன்! நேத்தும் அதான். எந்தத் தொட்டிகிட்ட போனப்போ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களோ, அதுக்கெல்லாம் ரெண்டு, மூணு. மூணு வருஷமா தூங்காத மனுஷன், போனாப் போகுது, சந்தோஷப்படட்டுமேன்னு போட்டேன். இதுக்கு இன்னொருத்தர் கண்ணு பலியாகும்னு எனக்கென்ன தெரியும்?"

அவர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"அவர் கண்ணுல ஒரு கோளாறும் இல்லைங்க. கேட்டைத் தாண்டியிருக்க மாட்டார். கூப்பிட்டுச் சொல்லிடுங்களேன்."

விஞ்ஞானி இரண்டு மார்க் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க... சொல்லிடுங்களேன்."