ஜெல்லுக்கு அடியில்

ஏஞ்சலின் மைக்ரோஸ்கோப்பின் குமிழை மெதுவாகத் திருகினாள். மங்கலாகத் தெரிந்தது தெளிந்தது.

செல்கள் செத்துக்கிடந்தன.

போன வாரம் வரை தட்டின் அடியில் கெட்டியாக ஒட்டிக்கொண்டு, ஒன்றையொன்று நெருக்கியடித்துப் பெருகிக்கொண்டிருந்த புற்றுநோய்ச் செல்கள். இப்போது பிடிவிட்டு, உருண்டு திரண்டு, இளஞ்சிவப்பு நீரில் அரைத்தூக்கத்தில் இருப்பவை போல மிதந்தன.

ஜன்னலுக்கு வெளியே மழை ஓய்ந்த காலை. மலைக்கோட்டைப் பாறையில் பாதியைக் காணவில்லை. மேகம் அப்படியே அதன் மேல் உட்கார்ந்துவிட்டிருந்தது. கீழே திண்டுக்கல் ஊர் சத்தமில்லாமல் நனைந்து கிடந்தது.

தட்டில் இருந்த சின்னச் சின்னக் குழிகளில் ஒன்றின் நடுவே அந்த ஜெல், ஒரு நுங்குத் துண்டு போல.

பட்டுக்கூட்டின் புரதம் அது. தொப்பம்பட்டிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் கூடு வாங்கி வந்து, வேகவைத்து, கரைத்து, வடிகட்டி, அதற்குள்ளே மருந்தை வைத்து இறுக விட்டிருந்தாள்.

ஊசி வழியாக ஏற்றினால் அந்த மருந்து ரத்தத்தோடு உடம்பெல்லாம் ஓடும். முடி கொட்டும். நாக்கில் ருசி போகும். இதயத்தைக்கூட விட்டுவைக்காது.

ஜெல்லுக்குள் வைத்தால் கட்டி இருக்கும் இடத்திலேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அவள் நம்பியது அதைத்தான். நம்பி, பல தடவை தோற்றிருந்தாள். ஒரு தடவை ஜெல் இறுகவே இல்லை. இன்னொரு தடவை மருந்து முழுக்க முதல் நாளே வெளியே கொட்டிவிட்டது.

பக்கத்துக் குழியைப் பார்த்தாள். அங்கே மருந்தில்லாத வெறும் ஜெல். அதன் அடியில் செல்கள் ஒரு குறையும் இல்லாமல் இருந்தன.

அப்படியென்றால் ஜெல்லால் கெடுதல் இல்லை. கொன்றது மருந்துதான்.

பேராசிரியர் பொன்னுத்துரையைக் கூப்பிட்டாள். அவர் வந்து குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"கசிஞ்சிருக்கும்மா. நின்னு நிதானமா கசிஞ்சிருக்கு!"

கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"ஒரு தடவை வந்தா போதாது. திரும்பத் திரும்பச் செஞ்சு பாக்கணும்." சற்றுத் தயங்கினார். "வேற யாரையாச்சும் செய்யச் சொல்லவாம்மா?"

"வேணாம் சார். நானே செய்றேன்."

அவர் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போனார்.

ஏஞ்சலின் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவளுக்கோ குளத்தின் அடியில் நிற்பது போல இருந்தது. வெளிச்சம் எங்கோ மேலே இருந்தது. குளிரூட்டியின் சத்தம்கூடத் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போலக் கேட்டது. மிதந்துகொண்டிருந்தவற்றையே மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டிக் கழுவ மனம் வரவில்லை.

கூடப்பிறந்த ரோஸ்மேரி அக்கா எந்த வீட்டுக்குப் போனாலும் லேசில் கிளம்ப மாட்டாள். "சரி, வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்றபடியே இன்னொரு மணி நேரம் பேசுவாள். மதுரையில் கட்டியை எடுக்கும் ஆபரேஷனுக்கு முந்தின நாள்கூட அவள் பேச்சு ஓயவில்லை.

"வெட்டிக் குப்பையில போடப்போறத உங்க லேபுக்குத்தான் குடுக்கட்டுமே. நானும் காலேஜு பாத்த மாதிரி இருக்கும்லடி."

சொல்லிவிட்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

வடமதுரைக் கல்லறைத் தோட்டத்தில் அவளை அடக்கம் செய்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அவளிடமிருந்து வெட்டியெடுத்த கட்டியின் செல்கள் மட்டும் இந்த அறையில், இதே தட்டுகளில், பெருகிக்கொண்டே இருந்தன. ஏஞ்சலின்தான் நாள் தவறாமல் வந்து அவற்றுக்குச் சத்துநீர் மாற்றினாள். ஈஸ்டர் அன்றும் பூசை முடிந்த கையோடு வந்தாள்.

அக்காவைக் கொன்றவை அவை. அக்காவில் இன்னும் உயிரோடு மிச்சமிருந்ததும் அவைதான்.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையுறையை மாட்டி, மூலையில் இருந்த நைட்ரஜன் தொட்டியின் மூடியைத் திறந்தாள். வெண்புகை எழுந்து அவள் காலடியில் வழிந்தது. உள்ளே இருந்து அக்காவின் செல்கள் உறைந்திருந்த குப்பி ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பிடித்து மெல்ல ஆட்டினாள்.

ஓரத்தில் பனி இளகத் தொடங்கியது.

"வாக்கா" என்றாள்.