முனிவர் நின்ற வாசல்

"இன்னைக்கும் சாமி சாப்புடலேன்னா, நாளைக்குச் சாப்புட உடம்புல உசுரு இருக்காதுங்க!" என்றாள் ஜெயமதி. கையிலிருந்த செம்பின் வாயில் தேங்காயைச் சரிந்துவிடாமல் நிறுத்தினாள்.

முதுகில் பெரிய பயணப் பையை மாட்டிக்கொண்டு, புறப்படத் தயாராக நின்றான் சித்தார்த்தன். காசி, கோனார்க், ஹம்பி, பாதாமி என்று கோயில்களையும் குகைகளையும் மாதக்கணக்கில் சுற்றி வந்தவன், வல்லத்தை அடுத்த அந்தச் சமணச் சிற்றூருக்கு முந்தைய நாள்தான் வந்திருந்தான். குன்றின் பாறையில் செதுக்கிய அருகன் சிற்பங்களைப் பார்த்துவிட்டு இறங்குவதற்குள் கடைசிப் பேருந்து போய்விட்டது. ஜெயமதியின் கணவர் ஸ்ரீபாலன்தான் தம் வீட்டில் படுக்க இடம் கொடுத்தார்.

"எந்தச் சாமி அக்கா?" என்று கேட்டான்.

"எங்க முனிவருங்க. ஊர்ல வந்து தங்கியிருக்காரு. நாலஞ்சு நாளா காலையில தெருவோட வர்றாரு, போறாரு. ஒரு வாசல்லயும் நிக்கல. பச்சத் தண்ணி கூடக் குடிக்கல."

"யாரும் சாப்பாடு தரலியா?"

"நல்லா கேட்டீங்க தம்பி!" என்றார் ஸ்ரீபாலன். "ஊரே சமைச்சி வெச்சிக்கினு வாசல்ல நிக்குது. அவரு மனசுக்குள்ள ஒரு நிபந்தனை வெச்சிக்கினு வருவாரு. இன்ன காட்சியக் கண்ணால கண்டா அந்த வாசல்ல நிப்பேன், காணலேன்னா பட்டினின்னு. அது என்ன காட்சின்னு சொல்லவும் மாட்டாரு, நாங்க கேக்கவும் கூடாது."

"அதான் ஆளாளுக்கு ஒண்ணு பண்ணிக்கினு இருக்கோம்" என்றாள் ஜெயமதி. "எதிர் வூட்ல கரும்பப் புடிச்சிக்கினு நின்னாங்க. ஸ்ரேயான்ஸ் வூட்ல புதுசாக் கல்யாணம் ஆன ஜோடிய நிக்க வெச்சாங்க. எங்க வூட்டுக்காரரு இருக்காரே, ஒரு கூடை மல்லாட்டைக் கடலையத் தலையில தூக்கிக்கினு நின்னாரு. சாமி திரும்பிக்கூடப் பாக்கல!"

"நீ மட்டும் என்னவாம்? கன்னுக்குட்டியப் புடிச்சிக்கினு நின்ன. அது உன்னை இழுத்துக்கினு ஓடுச்சி."

இருவரும் சிரித்தனர். ஆனால் அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை.

"எங்க ஊர்ல ஒரு வாய் சோறு வாங்காம அவரு உசுரு போயிடுச்சின்னா..." என்று தொடங்கிய ஸ்ரீபாலன், சொல்லி முடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சார், எனக்குத் திண்டிவனத்துல ரயிலுக்கு நேரமாச்சு. கெளம்பறேன்."

"இருங்க, இருங்க! தெருக்கோடியில சத்தம் கேக்குது பாருங்க. சாமி வர்றப்ப குறுக்க நடக்கக் கூடாது. அப்படியே வாசல் ஓரமா நில்லுங்க. எங்க மேல மட்டும் பட்டுடாதீங்க, சுத்தத் துணி கட்டிக்கினு இருக்கோம்."

வேறு வழியின்றிப் பையோடு வாசலோரம் ஒதுங்கினான்.

"நமோஸ்து சுவாமி! நமோஸ்து! நில்லுங்க சாமி, நில்லுங்க!"

வீடுதோறும் மன்றாடும் குரல்களுக்கிடையே முனிவர் வந்தார். ஆடையற்ற, எலும்பெண்ணும்படி மெலிந்த உடல். இடக்கையில் மயிற்பீலியும் கமண்டலமும் இருந்தன. உணவேற்க வரும் முத்திரையாக வலக்கை விரல்கள் தோளைத் தொட்டிருந்தன. அவர் கடந்து சென்றதும் அந்தந்த வாசலில் குரல் அடங்கியது. அடங்கிய வாசல்களிலிருந்து ஒருவரும் உள்ளே போகவில்லை. அமைதி ஒவ்வொரு வீடாக நடந்து தன்னை நோக்கி வருவதுபோல் சித்தார்த்தனுக்குத் தோன்றியது.

முனிவர் நின்றார்.

செம்பை அவர் பார்க்கவில்லை. தேங்காயையும் பார்க்கவில்லை. சித்தார்த்தனை இமைக்காமல் பார்த்தார். பின்பு தோளிலிருந்த கையை மெல்லத் தாழ்த்தினார்.

ஜெயமதி விம்மினாள். ஸ்ரீபாலன் முனிவரை வலம் வந்து உள்ளே அழைத்துச் சென்றார். நின்றபடியே, குவித்த கைகளில் இட்ட உணவை முனிவர் பேசாமல் உண்டார்.

அதற்குள் ஊர் முழுவதும் வாசலில் திரண்டுவிட்டது. எதிர் வீட்டுக்காரர் சித்தார்த்தனைக் கும்பிட்டார்.

"மவராசன்! நீ வந்த நேரம் எங்க சாமி பொழைச்சாரு. பேரு என்னப்பா?"

"சித்தார்த்தன்."

"மகாவீரரைப் பெத்தவரு பேரு! கேட்டீங்களாய்யா, கேட்டீங்களா!"

"எனக்கு ரயிலுக்கு..."

"அட, ரயிலு கெடக்குது! ஒரு வாய் சாப்புட்டுட்டுதான் போவணும்" என்று நாலு பேர் வழியை மறித்தனர். அவன் முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

உணவு முடிந்து முனிவர் வெளியே வந்து அமர்ந்தார்.

"சாமி, நிபந்தனை நிறைவேறிடுச்சி. இப்பவாவது அது என்னன்னு சொல்லலாங்களா?" என்று பணிவோடு கேட்டார் ஸ்ரீபாலன்.

"ஐந்து நாட்களுக்கு முன் குன்றின் மேல் அருகன் திருமுன் அமர்ந்திருந்தேன்" என்றார் முனிவர். "'இந்த அருகனைத் தன் முதுகில் சுமந்துகொண்டு ஒருவன் எந்த வாசலில் நிற்கிறானோ, அந்த வாசலில்தான் உண்பேன்' என்று ஓர் எண்ணம் எழுந்தது. ஏன் எழுந்தது என்று எனக்கே தெரியாது."

ஜெயமதி முகம் மலர்ந்து கூவினாள்: "போட்டோ! நேத்து மலைக்குப் போனாரே, கேமராவுல புடிச்சி வெச்சிருக்காரு! பையைத் தொறந்து காட்டுங்க தம்பி, நாங்களும் ஒரு தடவ கும்பிட்டுக்கறோம்!"

ஊரே அந்தப் பையை நோக்கிக் கைகூப்பியது. சித்தார்த்தனின் விரல்கள் மட்டும் அசையவில்லை. நேற்று மாலை, கூடாரம் அடிக்கும் இரும்பு முளையால் அவன் பாறையிலிருந்து நெம்பிப் பெயர்த்த அருகனின் தலை, அவனுடைய அழுக்குச் சட்டையில் சுற்றப்பட்டு அந்தப் பைக்குள் கிடந்தது.